விரல் செய்யக் கூடாத வேலை

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெண் பி.காம். படித்துவிட்டு ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறாள். வாரத்தில் ஆறு நாள் கணக்கு. ஏழாவது நாள் ரம்பம்! ஆமாம், மரம் அறுக்கிற ரம்பந்தான். பால்கனியில் ஒரு பழைய மேஜையைப் போட்டுக்கொண்டு ஸ்டூலும் புத்தகத் தட்டும் செய்கிறாளாம். போதாக்குறைக்கு இப்போது, நீளப் பள்ளம் வைத்த அலுமினியச் சட்டங்கள் வாங்கி மேஜையில் பதிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம்.

தாயாருக்கு இரண்டு கவலை. தச்சு வேலைக்கு அலுமினியம் எதற்கு, இது வீண் செலவு இல்லையா என்பது ஒன்று. இரண்டாவதை அவர் எழுதியிருக்கும்போதே கை நடுங்கியிருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் தெரிகிறது. போன மாதம் பெண்ணின் இடது கை ஆள்காட்டி விரலில் ரம்பம் பட்டு மூன்று தையல் போட்டார்களாம். தகப்பனார் ரம்பத்தை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அம்மா! ரம்பத்தைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சட்டத்தையும் வாங்கச் சொல்லுங்கள். ஆனால் அவள் கேட்கிற அத்தனையும் வேண்டாம். ஏன் என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

முதலில் விரல் எப்படி வெட்டுப்பட்டது என்று பார்ப்போம். நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடலாம். வலது கையில் ரம்பம். இடது கையால் கட்டையை மேஜைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பாள். அறுப்பு எங்கே விழ வேண்டும் என்று வழிகாட்டுவதற்கு அதே இடது கையின் விரலை ரம்பத்தின் ஓரத்தில் ஒட்டி வைத்திருப்பாள். முதல் இழுப்பில் ரம்பம் மரத்தில் பிடிக்காது, துள்ளும். கட்டையும் சற்றே நகரும். ஒரு கைக்கு இரண்டு வேலை கொடுத்தால் இரண்டில் ஒன்று தவறத்தான் செய்யும்.

அரிவாள்மணையை நினைத்துப் பாருங்கள். அதை முதன் முதலில் செய்தவர் யாரோ, மகா கெட்டிக்காரர். கத்தி ஆடக் கூடாது. ஆகவே அதைப் பலகையில் அடித்துவிட்டார். பலகை நகரக் கூடாது. ஆகவே நம்மையே அதன்மேல் உட்காரச் சொன்னார். கைக்கு மிச்சமிருப்பது கத்திரிக்காயைத் தள்ளுகிற வேலை மாத்திரம். பிடிக்கிற வேலையைக் கையிடமிருந்து பிடுங்கிப் பலகையிடம் கொடுத்தாயிற்று. மரவேலையில் இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குத்தான் 'ஜிக்' என்று பெயர். பொருளை அசையாமல் பிடிப்பதற்கும், கருவி போக வேண்டிய வழியில் மட்டும் போவதற்கும் செய்துகொள்கிற உபகரணம். நாலு கால்களும் ஒரே நீளமாய் அமைய வேண்டுமென்றால், நாலு தரம் அளந்தால் நாலு விதமாய்த்தான் வரும். ஒரு தரம் அளந்து ஒரு நிறுத்துக் கட்டையை வைத்துவிட்டு, அதில் முட்டவைத்து அறுத்தால் நாற்பது கால் வேண்டுமானாலும் ஒன்றுபோல் வரும். இதுவும் ஜிக்தான்.

சங்கடம் என்னவென்றால், இன்றைக்கு ஸ்டூல் கால் அறுத்தவள் நாளைக்குப் புகைப்படச் சட்டம் அறுப்பாள். நிறுத்துக் கட்டையை வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆணியைப் பிடுங்கி வேறிடத்தில் அடித்தால் பலகை சல்லடையாகிவிடும். இந்த இடத்தில்தான் அலுமினியம் வருகிறது.

உங்கள் வீட்டு ஜன்னலில் திரைச்சீலை ரெயில் இருக்கிறதா? உள்ளே விசாலமாய், வாய் மட்டும் குறுகலாய் ஒரு பள்ளம். அதற்குள்ளே சின்ன உருளைகள் இஷ்டப்படி ஓடும். ஆனால் கீழே விழாது. பெண் கேட்கிற சட்டமும் இதே தத்துவந்தான். பள்ளத்துக்கு ஆசாரிகள் 'காடி' என்பார்கள். இந்தக் காடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இங்கிலீஷ் 'டி' எழுத்தைத் தலைகீழாக நிறுத்திய மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு போல்ட்டின் தலையை நுழைத்தால் அது ஓடும். திரும்பாது, மேலே வராது. மேலிருந்து ஒரு குமிழைத் திருகினால் நின்ற இடத்தில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். தளர்த்தினால் மறுபடி ஓடும்.

கொலுப் படிக்கும் பரண் சாமானுக்கும் நாம் உபயோகிக்கும் இரும்பு 'ஸ்லாட்டட் ஆங்கிள்' தெரியுமல்லவா? வரிசையாய் ஓட்டை போட்ட இரும்புச் சட்டம். 1947-ல் லண்டனில் டிமெட்ரியஸ் கொமினோ என்பவர் 'டெக்ஸியன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்து உலகமெல்லாம் பரவியது. அதில் ஓட்டை இருக்கிற இடத்தில்தான் திருகலாம். காஜா எடுத்த இடத்தில்தானே பொத்தான் போட முடியும்? இந்த அலுமினியச் சட்டத்திலோ நீளம் முழுவதும் ஒரே காஜா. அரை மில்லிமீட்டர் இந்தப் பக்கம் வேண்டுமா, அந்தப் பக்கம் வேண்டுமா, கேட்ட இடத்தில் நிற்கும்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. இரும்புப் பட்டறைகளில் மில்லிங் மெஷினின் மேடையைப் பார்த்தால் இதே காடி வார்ப்பிரும்பில் வெட்டியிருக்கும். ஆனால் அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும். அலுமினியத்தில் வந்த பிறகுதான் ஒரு பெண் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறலாம் என்றாயிற்று. ஜெர்மனியில் ஸோலிங்கன் நகரத்து 'ஐட்டம்' கம்பெனியும், அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்து '80/20' கம்பெனியும் இந்தச் சட்டங்களை வைத்தே தொழிற்சாலை மேஜை முதல் மெஷின் கூண்டு வரை சேர்க்கிறார்கள். நம் ஊரில் தொழிற்பேட்டைப் பக்கத்துக் கடைகளில் 'டி ஸ்லாட் புரொஃபைல்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

இவ்வளவு சிக்கலான வடிவத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். தேன்குழல் பிழிந்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்குத் தெரியும்! அச்சில் நட்சத்திரத் துவாரம் இருந்தால் முள்ளு முறுக்கு. பட்டையாய் இருந்தால் ரிப்பன் பக்கோடா. இங்கே மாவுக்குப் பதில் அலுமினியம், அச்சு கெட்டி எஃகு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அவ்வளவு தூரம் போகாமல் 450, 500 டிகிரிக்குச் சூடாக்கினால் உருகாமல் இளகி நிற்கும். அந்தப் பதத்தில் பிரம்மாண்டமான அழுத்தத்தில் பிழிகிறார்கள். மாவில் சேர்மானம் உண்டு: மக்னீசியமும் சிலிக்கனும், இரண்டும் நூற்றுக்கு ஒரு பங்குக்குள். கடையில் '6063' என்று எண் சொல்வார்களே, அது இந்தச் சேர்மானத்தின் பெயர். பிழிந்த சட்டம் நம் முறுக்கைப் போலவே கொஞ்சம் கோணிக்கொள்ளும். அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமோ? துவைத்த புடவையை இரண்டு பேர் இரு முனையும் பிடித்து வெடுக்கென்று இழுத்து நேராக்குவோமல்லவா, அதையேதான்! இரு முனையையும் மெஷின் பிடித்து இழுக்கிறது. பிறகு சில மணி நேரம் மிதமான சூட்டில் அடுப்பில் வைத்தெடுத்தால் முறுக்கேறிக்கொள்கிறது. தேன்குழல் அச்சால் செய்ய முடியாத ஒரு காரியமும் உண்டு: இந்தச் சட்டத்தின் நடுவே குழாய்போல ஓட்டை இருக்கும். உலோகம் அச்சுக்குள்ளே பிரிந்து, ஒரு தண்டைச் சுற்றி வந்து, வெளியேறுவதற்குள் மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

அலுமினியம் என்றதும் இன்னொரு சமாசாரம் ஞாபகம் வருகிறது. சகோதரிகளிடம் சொல்லாமல் போக மனமில்லை. ஒரு காலத்தில் இது விலையுயர்ந்த உலோகம். 1884-ல் வாஷிங்டன் ஞாபகஸ்தம்பத்தின் உச்சியில் வைக்கத் தகுந்தது என்று நினைத்தார்கள். 1886 பிப்ரவரியில் ஓஹையோ மாகாணம் ஓபர்லின் ஊரில், வீட்டுக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையில், சார்ல்ஸ் ஹால் என்ற இளைஞர் மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். அதே வருஷம் பிரான்ஸில் எரூல் என்பவரும் அதே முறையைக் கண்டுபிடித்துவிட்டார். யார் முந்தி என்று தகராறு. ஹாலின் தமக்கை ஜூலியா, அவரும் கல்லூரியில் ரசாயனம் படித்தவர், தம்பியின் சோதனைகளைக் கூடவே கவனித்துவந்தவர். தேதியை ஸ்தாபிக்க அவருடைய சாட்சியம் உதவியது. விலை விழுந்து பன்னிரண்டு வருஷத்தில், 1898-ல், சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியாயிற்று. விறகுக் கொட்டகைச் சரக்கு நம் சமையலறைக்கு வந்த கதை இது. பால்கனிக்கு வருவதில் என்ன ஆட்சேபணை?

சரி, எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது?

மேஜை முழுவதையும் அலுமினியச் சட்டத்தால் கட்டுகிற ஆசை பெண்ணுக்கு இருந்தால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அலுமினியத்துக்கு இரும்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான்! வளையும் கணக்கு இன்னும் பொல்லாதது: ஆதாரம் இல்லாத தூரம் இரண்டு மடங்கானால், அதே பாரத்துக்கு எட்டு மடங்கு வளையும். இழைப்புளி போடும்போது மேஜையை முன்னால் தள்ளுகிறோம். உளிமேல் கொட்டாப்புளியால் அடிக்கும்போது கீழே அமுக்குகிறோம். இதற்கெல்லாம் மேஜை கனமாக இருக்க வேண்டும். யானையைப் போல் நிற்க வேண்டும். அலுமினியக் கூடு கிடுகிடுவென்று ஆடிப் பாட்டுப் பாடும். என் கட்சி இது: மேஜை மரத்தில், காடி அலுமினியத்தில். கட்டிலுக்குத் தேக்கு, கொசுவலைக்குக் கம்பி என்பதுபோல.

ஒரு விலக்கு சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு வீடு மாறும் குடித்தனக்காரர்களுக்கு அலுமினியக் கால்கள் சௌகரியந்தான். ஆலன் கீ ஒன்றிருந்தால் போதும். அரை மணியில் பிரித்துக் கட்டி லாரியில் போட்டுவிடலாம். அப்படியானால் 40 மில்லிமீட்டருக்கு 40 மில்லிமீட்டர் பருமனுக்குக் குறைந்து வாங்க வேண்டாம். 20-க்கு 20 என்று ஒல்லியாய் ஒன்று விற்கும். அது சின்ன யந்திரங்களுக்கு. மனுஷி சாய்ந்து இழைக்கிற மேஜைக்கு அது காணாது. கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டமும் வேண்டும்.

மரப்பலகையில் பதிப்பதற்கென்று தட்டையாய் இன்னொரு தினுசு உண்டு. 'டி டிராக்' என்று கேட்க வேண்டும். அகலம் சுமார் 19 மில்லிமீட்டர், உயரம் 9½ அல்லது 12½ மில்லிமீட்டர். நம்முடைய பெண்ணுக்கு வேண்டியது இதுதான். இரண்டு அடித் துண்டு மூன்று போதும். பதிப்பதற்குக் காடி வெட்டும் மெஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு பிளைவுட் பலகையை அடியில் போட்டு, அதன்மேல் இன்னொரு பிளைவுட்டை அகலப் பட்டைகளாக அறுத்து, நடுவே டிராக்கின் அகலத்துக்கு இடைவெளி விட்டு ஒட்டிவிட்டால் தானே காடியாகிவிடுகிறது! மேல் பலகை டிராக்கின் உயரத்துக்குச் சமமாகவோ ஒரு நூல் அதிகமாகவோ இருக்க வேண்டும். ஆகவே முதலில் டிராக்கை வாங்கி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பலகை வாங்கவும். டிராக் மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் கட்டை அதன்மேல் ஊஞ்சலாடும். திருகாணியைப் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போடவும். குமிழை இறுக்கும்போது டிராக் மேலே கிளம்பப் பார்க்கும்.

பலகையின் முன் விளிம்பில் அடிப்பக்கமாய் ஒரு ரீப்பர் அடித்துவிட்டால் அது மேஜை ஓரத்தில் கொக்கி போட்டுக்கொள்ளும். மேலே பின்பக்கத்தில் நெடுக ஒரு தடுப்புச் சட்டம். அதன் தலையில் ஒரு டிராக். நிறுத்துக் கட்டை அதில் ஓடும். மற்ற இரண்டு டிராக்கும் பலகையின் தரையில், முன்னும் பின்னுமாய். அமுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் அவற்றில் ஓடும். ரம்பம் போகிற வழிக்குத் தடுப்பில் ஒரு வெட்டு. அந்த வெட்டும் தடுப்பும் சரியான மூலையில் இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மூலைமட்டத்திலேயே சந்தேகமா? தடுப்பின் ஓரம் 40 சென்டிமீட்டர், வெட்டின் வழியே 30 சென்டிமீட்டர் குறித்து, இரண்டு புள்ளிக்கும் நடுவே அளந்தால் 50 வர வேண்டும். வராவிட்டால் சட்டத்தைத் தளர்த்தித் திருத்த வேண்டியதுதான்.

இப்போது கட்டையை வையுங்கள். பின்னால் தடுப்பு, பக்கத்தில் நிறுத்துக் கட்டை, மேலே கிளாம்பு. இடது கைக்கு வேலை இல்லை! அந்தக் கை இடுப்பில் இருக்கலாம். ரம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்று தையல் போட்ட விரல் இருக்க வேண்டிய இடம் அதுதான். ரம்பம் துள்ளாமல் இருக்க முதல் இரண்டு இழுப்பைத் தன் பக்கமாக மெதுவாய் இழுத்துத் தடம் பண்ணிக்கொள்ளட்டும்.

நிறுத்துக் கட்டையின் கீழ் மூலையைக் கொஞ்சம் செதுக்கிவிட வேண்டும். இல்லையேல் மரத்தூள் அங்கே சேர்ந்து, பத்தாவது கால் முதல் காலைவிடக் குட்டையாகிவிடும். காரணம் தெரியாமல் எத்தனையோ பேர் ரம்பத்தைத் திட்டியிருக்கிறார்கள்.

அலுமினியம் எதற்கு, மரத்திலேயே காடி வெட்டக் கூடாதா என்று தகப்பனார் கேட்டால், ஐப்பசி மாதத்தில் உங்கள் வீட்டு வாசற்கதவைச் சாத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மரம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும், சித்திரையில் சுருங்கிவிடும். மரக் காடியில் போல்ட்டு ஒரு மாதம் ஓடும், ஒரு மாதம் சிக்கும், உதடும் பிய்ந்துபோகும். அலுமினியம் ஈரத்தைக் குடிக்காது. வெயிலில் நீளுமே என்பீர்கள்; ஒரு மீட்டர் சட்டம் பத்து டிகிரிச் சூட்டுக்குக் கால் மில்லிமீட்டர்கூட நீளாது. ஸ்டூலுக்கு இது பொருட்டல்ல. துருவும் பிடிக்காது, போல்ட்டு மட்டும் இரும்பானால் பிடிக்கும். எவர்சில்வர் போல்ட்டு கேட்டு வாங்கி, மரையில் ஒரு பொட்டு கிரீஸ் தடவிவைத்தால் போதும்.

சில ஜாக்கிரதைகள். கடையில் அறுத்துத் தரும் சட்டத்தின் முனை பிளேடு மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அரம் போட்டு மழுக்க வேண்டும். ரம்பத்துக்குத் தப்பிய விரல் இதில் மாட்டக் கூடாது. குமிழை ராட்சத பலத்தில் முறுக்க வேண்டாம். அலுமினியத்தின் உதடு மென்மையானது, விரிந்துகொண்டால் மறுபடி பழைய நிலைக்கு வராது. ரம்பத்தின் பல் டிராக்கில் படாதபடி டிராக்கை வெட்டுக்கு இரண்டு விரல் தள்ளியே நிறுத்திவிட வேண்டும்.

பெண் நாளைக்கு மின்சார ரம்பம் வாங்குவாள், வாங்காமல் இருக்கமாட்டாள். அன்றைக்கு முந்தானை, துப்பட்டா, வளையல், பின்னல் எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கையுறை போட்டால் பத்திரம் என்று தோன்றும். சுழல்கிற பல் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். ஆகவே கையுறை கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். அறுபட்டு விழும் துண்டு ரம்பத்துக்கும் நிறுத்துக் கட்டைக்கும் நடுவே சிக்கும்படி வைத்துவிட்டால், அந்தத் துண்டு பீரங்கிக் குண்டு மாதிரி பாயும். துண்டு விழுகிற பக்கம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். கைரம்பத்தில் இந்த ஆபத்து இல்லை. அதனால் ஒரு வருஷமாவது கைரம்பத்தோடு பழகட்டும் என்பேன்.

கடைக்குப் போகும்போது போல்ட்டையும் நட்டையும் தனித்தனிக் கடையில் வாங்க வேண்டாம். டிராக்கை எடுத்துப்போய், போல்ட்டின் தலையை அதில் விட்டு ஓட்டிப் பார்த்து வாங்கவும். பார்வைக்கு ஒன்றாயிருக்கும் இரண்டு கம்பெனிச் சட்டங்களில் ஒன்றின் நட்டு மற்றதில் ஏறாது. தேவைக்குமேல் அரை டஜன் சேர்த்தே வாங்குங்கள். கீழே விழுந்த நட்டு பால்கனி ஜலதாரையைத்தான் தேடிக்கொண்டு போகும்.